லெதர் கோரல் ஏன் மூடிக்கொண்டது? மென்பவளத் தொட்டி பற்றி ஒரு விரிவான பதில்

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். 120 லிட்டர் கடல்நீர்த் தொட்டி, வைத்து நான்கு மாதம் ஆகிறது. இரண்டு கோமாளி மீன்கள், குடை வடிவில் ஒரு டோட்ஸ்டூல் லெதர், ஒரு கொத்து ஸீனியா, ஒரு கல்லில் கிரீன் ஸ்டார் பாலிப். இந்த மூன்றும் மென்பவளங்கள், அதாவது கெட்டிக் கூடு இல்லாத பவளங்கள். லெதர் வந்த முதல் வாரம் நன்றாக விரிந்திருந்தது. கடந்த ஒன்பது நாளாக, மேலே சிறு பூக்கள்போல் விரியும் பாலிப்புகளை உள்ளே இழுத்துக்கொண்டு, மேலே மெழுகு பூசினாற்போல் பளபளக்கிறது. ஸீனியா இரண்டே நாளில் கரைந்துபோனது. கிரீன் ஸ்டார் பாலிப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. நைட்ரேட் 0, பாஸ்பேட் 0. இதைச் சரிசெய்ய விளக்கைக் கூட்டி, அப்புறம் குறைத்து, அயோடின் ஊற்றி, லெதரை மூன்று முறை இடம் மாற்றிவிட்டீர்கள். லெதர் செத்துக்கொண்டிருக்கிறதா, மென்பவளம் வளர்ப்பது எளிது என்றார்களே, எங்கே தவறினேன் என்று கேட்கிறீர்கள்.

முதலில் பதில், காரணம் அப்புறம். நீங்கள் சொல்லும் அடையாளங்களைப் பார்த்தால் லெதர் சாகவில்லை, சட்டை உரிக்கிறது. ஸீனியா போனதற்கு அந்த இரண்டு பூஜ்யங்களும் அடிக்கடி மாறிய வெளிச்சமும் சேர்ந்துதான் பெரும்பாலும் காரணம். இனி பத்து நாளைக்கு விளக்கைத் தொடாதீர்கள், லெதரை முதல் இடத்தில் திருப்பி வைத்த பிறகு நகர்த்தாதீர்கள், அயோடின் பாட்டிலை எடுத்து வைத்துவிடுங்கள். நான் பல வருஷமாக மென்பவளம் வளர்க்கிறேன். என்னிடம் செத்த பவளங்களில் பாதிக்கு மேல், சரிசெய்கிறேன் என்று நான் அடுத்தடுத்துக் கை வைத்ததால் செத்தவை. மென்பவளம் பல குறைகளைத் தாங்கும். வாரத்துக்கு ஒரு புது நிலைமையைத் தாங்காது.

லெதர் வகைகள், அதாவது சார்கோபைட்டான், சினுலேரியா, லோபோபைட்டம் எல்லாமே, அவ்வப்போது பாம்பு சட்டை உரிப்பதுபோல் மேல் படலத்தை உரித்துப் போடும். இந்தப் பவளம் இடம்விட்டு இடம் நகராது. அதன் குடைமேல் பாசியும் தூசும் மெதுவாகப் படியும். வெளிச்சம் உள்ளே போவது குறையும். அப்போது பாலிப்புகளை உள்ளே இழுத்துக்கொண்டு, மேலே ஒரு மெழுகுப் படலத்தைச் சுரந்து, படிந்த அழுக்கோடு அதைக் கழற்றிவிடும். மூன்று நான்கு நாளில் முடிவதும் உண்டு, இரண்டு வாரம் இழுப்பதும் உண்டு. புது இடத்துக்கு வந்த பவளம் வந்த சில நாட்களிலேயே ஒருமுறை உரிப்பது ரொம்ப சகஜம். ஒன்பது நாள் கவலைப்படும் அளவு அல்ல. மூன்று வாரம் தாண்டினால்தான் வேறு காரணம் தேட வேண்டும்.

இது நடப்பதை ஒருமுறை கிட்ட இருந்து பார்த்தேன். இரவு விளக்கு அணைந்த பிறகு கைவிளக்கோடு தொட்டி முன்னால் உட்கார்ந்தேன். குடையின் ஒரு ஓரத்தில் மட்டும் படலம் விட்டிருந்தது, நனைந்த மெல்லிய காகிதம் மாதிரி. அதில் பழுப்புப் பாசித் துகள்கள் ஒட்டியிருந்தன. நீரோட்டம் தரும் பம்பான பவர்ஹெட்டின் அலை வரும்போதெல்லாம் அது படபடத்து, ஒரு விரல்கடை அகலம் கூடுதலாகக் கிழிந்துகொண்டே போனது. அடியில் வெளிறிய, சுத்தமான புதுத் தோல். காலையில் பார்த்தால் அந்த ஓரத்தில் மட்டும் ஊசிமுனை அளவுக்குப் பாலிப்புகள் எட்டிப் பார்த்தன. குடையின் மற்ற பாதி இன்னும் இறுக மூடித்தான் இருந்தது. முழுக்க விரிய இன்னும் நான்கு நாள் ஆயிற்று. விரிந்தபோது குடை முன்பைவிடப் பெரிதாக இருந்தது.

உங்கள் லெதருக்கு அப்போது தேவைப்பட்டது ஒன்றே ஒன்று, அந்தப் படலத்தை இழுத்துக்கொண்டு போகும் நீரோட்டம். நீங்கள் அதை மூன்று இடத்துக்கு மாற்றினீர்கள், அதில் ஒன்று கல்லுக்குப் பின்னால், ஓட்டமே இல்லாத மூலை. ஓட்டம் இல்லாத இடத்தில் படலம் கழலாமல் அப்படியே கிடக்கும். அதன் அடியில் அழுகல் பிடிக்கவும் வழியுண்டு. முதலில் இருந்த இடத்துக்கே ஒரே ஒரு முறை திருப்பி வைத்து விட்டுவிடுங்கள். படலம் தொங்கிக்கொண்டிருந்தால் கையால் பிய்க்க வேண்டாம். மருந்துக்கடையில் கிடைக்கும் பெரிய பிளாஸ்டிக் சிரிஞ்சால் தொட்டித் தண்ணீரையே எடுத்து மெதுவாகப் பீய்ச்சினால் போதும்.

சாகிற லெதர் வேறு மாதிரி இருக்கும். சட்டை உரிக்கும் பவளத்தைக் கையுறை போட்ட விரலால் லேசாகத் தொட்டால் ரப்பர்போல் கெட்டியாக இருக்கும், நிறமும் பெரிதாக மாறியிருக்காது. அழுகும் பவளம் தொட்ட இடத்தில் கொழகொழவென்று விட்டுக்கொடுக்கும். அடித்தண்டில் கறுப்பாகவோ கரும்பழுப்பாகவோ ஒரு குழி தெரியும். தண்ணீரிலிருந்து ஒரு நொடி தூக்கினாலே அழுகிய முட்டை வாடை வரும். அப்படி இருந்தால் காத்திருக்கக் கூடாது. கூர்மையான புது பிளேடால், நல்ல சதை கொஞ்சமும் சேர்ந்து வரும்படி, அழுகிய பகுதியை வெட்டி எடுத்துவிட வேண்டும். தண்டு முழுக்கப் போய்விட்டாலும் குடையின் நல்ல துண்டு ஒன்று மிஞ்சினால் அதிலிருந்து முழுப் பவளம் மறுபடி வரும். இந்த உயிர்களிடம் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதுதான்.

இனி அடிப்படைக்கு வருகிறேன். ஒரு பூதக்கண்ணாடியை எடுத்துக் கிரீன் ஸ்டார் பாலிப்பின் ஒரு பாலிப்பை எண்ணிப் பாருங்கள். எட்டுக் கைகள் இருக்கும், ஒவ்வொரு கையின் இருபுறமும் இறகுபோல் சிறு சிறு கிளைகள். உண்மையான மென்பவளம் எல்லாவற்றுக்கும் இந்த எட்டு உண்டு. கடைகளில் மென்பவளத்தோடு சேர்த்து விற்கும் மஷ்ரூம் கோரலும் ஸோவாந்திட் வகைகளும் உறவுமுறையில் வேறு கூட்டம், ஆனால் வளர்ப்பில் இவற்றோடு ஒத்துப்போகும். கற்பவளம்போல் மென்பவளத்துக்குக் கெட்டியான சுண்ணாம்புக் கூடு கிடையாது. சதைக்குள் ஸ்க்ளீரைட் எனப்படும் பொடிப்பொடியான சுண்ணாம்பு முள்கள் மட்டும் இருக்கும். மற்றபடி உடம்பை நிமிர்த்தி வைத்திருப்பது உள்ளே பவளம் இழுத்து நிரப்பிக்கொள்ளும் தண்ணீர்தான். தண்ணீரில் ஏதாவது மாறினால் முதலில் தெரிவதும் அதனால்தான், உள்நீரை விட்டுவிட்டுச் சுருங்கிவிடும். உங்கள் தொட்டியில் எந்த அளவுமானியையும்விட முந்திச் சேதி சொல்வது லெதரின் குடையே.

அப்படிப்பட்ட உடம்புக்கு உப்பளவு முக்கியம் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு), அதாவது ஒப்படர்த்தி 1.026 அளவில் வையுங்கள். சிறு தொட்டியில் பிரச்சினை ஆவியாதல். தண்ணீர் மட்டும் போகும், உப்பு அங்கேயே இருக்கும். தொட்டியில் 120 லிட்டர் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், நான்கைந்து நாளில் 6 லிட்டர் ஆவியானாலே 35 என்பது 36.8 ஆகிவிடும். அப்புறம் வாரக் கடைசியில் ஒரே மூச்சில் 6 லிட்டர் நன்னீரை ஊற்றுகிறோம், சில நிமிஷத்தில் மறுபடி 35. வாரம் தவறாமல் இந்த ஏற்ற இறக்கம். தானாக நீர் நிரப்பும் கருவி ஒன்று வாங்கிவிட்டால் இந்தத் தொல்லை தீர்ந்தது. புது விளக்கு, நுரையோடு கழிவை எடுக்கும் புது ஸ்கிம்மர் எல்லாவற்றுக்கும் முன்னால் நான் வாங்கச் சொல்வது அதைத்தான். அது வரும்வரை கண்ணாடியில் ஒரு கோடு போட்டுவைத்து, தினமும் காலையில் அந்தக் கோடுவரை நன்னீர் ஊற்றுங்கள். கடல்நீரை அல்ல, நன்னீரை.

அளக்கும் கருவியையும் நம்பிவிடக் கூடாது. ஒரு வருஷம் என் லெதர்கள் எல்லாம் பாதிதான் விரிந்தன. செத்துவிடவும் இல்லை, செழிக்கவும் இல்லை. விளக்கைச் சந்தேகப்பட்டேன், மீனைச் சந்தேகப்பட்டேன். கடைசியில் பார்த்தால் உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டர் 3 பிபிடி கூடுதலாகக் காட்டிக்கொண்டிருந்தது. 35 என்று நான் நினைத்தது உண்மையில் 32. நன்னீரை வைத்துப் பூஜ்யம் காட்டுகிறதா என்று மட்டும் பார்த்திருந்தேன். பூஜ்யத்தில் சரியாக இருக்கும் கருவி 35-இல் பிசகலாம். 35 பிபிடி என்று குறித்து விற்கும் அளவுத்திருத்தக் கரைசல் ஒரு சிறு பாட்டில் வாங்கி, மாதம் ஒருமுறை சரிபாருங்கள். நான் உப்பளவை ஒரே நாளில் உயர்த்தவில்லை. ஆவியாகும் நீருக்குப் பதிலாகக் கொஞ்சம் கொஞ்சமாக உப்புநீரை ஊற்றி, இரண்டு வாரத்தில் 35-க்குக் கொண்டுவந்தேன். மூன்றாவது வாரம் குடைகள் முழுக்க விரிந்தன.

சரி, அந்தப் பூஜ்யங்கள். அமோனியாவும் நைட்ரைட்டும் 0 இருக்க வேண்டும், அதில் மாற்றமில்லை. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் 0 இருப்பதைப் பெருமையாகச் சொல்லும் வழக்கம் மட்டும் மென்பவளத் தொட்டிக்குப் பொருந்தாது. மென்பவளத்தின் சதைக்குள் ஸோஸாந்தெல்லே என்னும் நுண்பாசி குடியிருக்கிறது. வெளிச்சத்தை வாங்கிச் சர்க்கரை தயாரித்துப் பவளத்துக்குக் கொடுப்பது அதுதான். பாசி என்றால் அதற்கும் நைட்ரஜனும் பாஸ்பரஸும் வேண்டும். இரண்டையும் துடைத்து எடுத்துவிட்டு வெளிச்சத்தை மட்டும் கூட்டினால் பவளம் வெளிறிச் சுருங்கும். அது போதாதென்று, இரண்டும் அற்றுப்போன புதுத் தொட்டியில் டைனோஃப்ளாஜெல்லேட் என்னும் தொல்லை பிடித்த நுண்ணுயிர் வந்து உட்காரும் வாய்ப்பு அதிகம். சளிபோல் பழுப்பாக இழை இழையாகத் தொங்கும், இழைகளின் நுனியில் காற்றுக்குமிழ்கள் இருக்கும். அதை விரட்டுவது மாதக்கணக்கான வேலை.

மென்பவளத்துக்கு நைட்ரேட் 5 முதல் 15 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்பது ஒரு பிபிஎம்), பாஸ்பேட் 0.03 முதல் 0.1 பிபிஎம் வரை நல்லது. உங்களிடம் இருப்பது இரண்டே மீன்கள், அதற்குப் பெரிய ஸ்கிம்மர், போதாக்குறைக்குப் பாஸ்பேட் உறிஞ்சும் பொடியும் ஓடுகிறது. பொடியை எடுத்துவிடுங்கள். ஸ்கிம்மரை இரவில் மட்டும் ஓடவிடுங்கள். மீனுக்கு ஒரு வேளைக்குப் பதில் இரண்டு வேளை, ஒவ்வொரு முறையும் கொஞ்சமாக உணவு போடுங்கள். மூன்று நான்கு வாரத்தில் அளவு தானாக மேலே வரும். இதையும் ஒரே நாளில் சாதிக்கப் பார்க்காதீர்கள். பொடியை இந்த வாரம் எடுத்தால் ஸ்கிம்மரைப் பத்து நாள் கழித்து மாற்றுங்கள்.

ஸீனியா பற்றி நிறையவே சொல்லலாம். பல தொட்டிகளில் களைபோல் பரவும் அதே பவளம் வேறு தொட்டியில் ஒரு நாளில் கரைந்து வெண்சளியாகிவிடும். சத்துள்ள, கொஞ்சம் 'அழுக்கான' தண்ணீரில் அது செழிக்கும். பூஜ்ய நைட்ரேட் தொட்டியில் நிற்காது. அயோடின் போடாததால்தான் துடிப்பு நின்றது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அந்த யோசனையைக் கேட்டுத்தான் நீங்களும் ஊற்றியிருக்கிறீர்கள். ஸீனியா குடும்பம் ஏன் கையை மூடி மூடித் திறக்கிறது என்பதற்கு நல்ல விளக்கம் 2013-இல் வந்தது. செங்கடலின் எய்லாத் கரையில் ஹெட்டரோஸீனியாவை வைத்து ஆய்வு செய்தவர்கள், அந்தத் துடிப்பு பவளத்தைச் சுற்றித் தேங்கும் ஆக்சிஜனை வெளியே தள்ளுகிறது என்று காட்டினார்கள். ஒளிச்சேர்க்கையில் உண்டாகும் ஆக்சிஜன் அங்கேயே தேங்கினால் ஒளிச்சேர்க்கையே தடைப்படும். துடித்துத் துடித்து அதை வெளியேற்றினால் உற்பத்தி பல மடங்கு கூடுகிறது. கை விரல்களை மெல்ல மடக்கி விரிப்பதுபோன்ற அந்த அசைவைப் பார்த்துக்கொண்டிருந்தால் நேரம் போவது தெரியாது. அத்தனை அசைவுக்கும் செலவாகும் சக்தி வெளிச்சத்திலிருந்தே திரும்பக் கிடைத்துவிடுகிறது என்பது எனக்கு இன்றும் வியப்பு.

அயோடினைப் பற்றி ஒரு வார்த்தை. கடல்நீரில் அது வெறும் 0.06 பிபிஎம் அளவுதான் இருக்கிறது. அந்த அளவை வீட்டுச் சோதனைப் பெட்டியால் நம்பகமாக அளப்பது கடினம். அளக்க முடியாததை ஊற்றக் கூடாது என்பது என் கொள்கை. நல்ல கடல் உப்பில் அயோடின் இருக்கிறது, வாரம் 10 சதவீதம் நீர் மாற்றினால் அதுவே போதும். சுண்ணாம்புச் சத்தும் அப்படித்தான். மென்பவளம் மட்டும் உள்ள தொட்டி கால்சியத்தை மிகக் குறைவாகவே செலவழிக்கும். ஆல்கலினிட்டி (காரத்தன்மை) டிகேஎச் என்னும் அலகில் 8 முதல் 9, கால்சியம் 400 முதல் 450 பிபிஎம், மெக்னீசியம் 1300-ஐ ஒட்டி இருந்தால் எதையும் தனியாக ஊற்ற வேண்டியதில்லை. வெப்பநிலை 25-26 டிகிரி, ஒரு நாளுக்குள் ஒரு டிகிரிக்கு மேல் ஏறி இறங்காமல் இருந்தால் நல்லது.

வெளிச்சத்தில் எல்லோரும் செய்யும் தவறு கூடுதலாகக் கொடுப்பது. பவளத்துக்குப் பயன்படும் வெளிச்சத்தை அளக்கும் பார் மீட்டர் இரவல் கிடைத்தால் ஒருமுறை தொட்டியை அளந்து வைத்துக்கொள்ளுங்கள். மஷ்ரூமுக்கு 50 சுற்றி இருந்தாலே போதும், லெதருக்கும் கிரீன் ஸ்டார் பாலிப்புக்கும் 80 முதல் 150. மீட்டர் இல்லையென்றால் பவளத்தின் உடம்பைப் பாருங்கள். லெதரின் தண்டு நீண்டு நீண்டு விளக்கை நோக்கிப் போனால் வெளிச்சம் போதவில்லை. குடை தட்டையாகி, நிறம் வெளிறி, பாலிப் குட்டையாகவே நின்றால் கூடுதல். புதிதாக வந்த எதையும் மணல்மேல் வைத்துத் தொடங்கி, இரண்டு மூன்று வாரம் கழித்து ஒரு படி மேலே ஏற்றலாம். கீழேயே நன்றாக இருந்தால் ஏற்றவும் வேண்டாம். விளக்கு எட்டு அல்லது ஒன்பது மணி நேரம், தினமும் ஒரே நேரத்தில் எரியட்டும். டைமர் போட்டுவிட்டு மறந்துவிடுங்கள்.

நீரோட்டத்துக்கு, மணிக்குத் தொட்டிக் கொள்ளளவைப்போல் 15 முதல் 20 மடங்கு என்று கணக்கு வைக்கலாம். உங்களுக்கு மணிக்குச் சுமார் 2000 லிட்டர் தள்ளும் பவர்ஹெட் போதும். ஆனால் எண்ணைவிட முக்கியம் ஓட்டம் எப்படி வந்து படுகிறது என்பது. நேராகப் பவளத்தின்மேல் பாயக் கூடாது. எதிர்க் கண்ணாடியில் மோதிச் சிதறி வர வேண்டும். பாலிப்புகள் காற்றில் நெற்பயிர் ஆடுவதுபோல் இப்படியும் அப்படியும் ஆடினால் சரி. ஒரே பக்கமாகச் சாய்ந்தபடியே நின்றால் பம்பின் முகத்தைத் திருப்புங்கள்.

இப்போது பலரும் கவனிக்காத ஒன்று. மென்பவளங்களுக்கு ஓடும் கால்களும் இல்லை, கெட்டிக் கூடும் இல்லை. தங்களைக் காத்துக்கொள்ள அவற்றிடம் இருப்பது நஞ்சு. சார்கோபைட்டான், சினுலேரியா போன்றவை டெர்பீன் வகைச் சேர்மங்களைச் சதையில் வைத்திருக்கின்றன. அதில் ஒரு பகுதியைத் தண்ணீரிலும் விடுகின்றன. சார்கோபைட்டானிலிருந்து பிரித்தெடுத்த ஒன்றுக்குச் சார்கோஃபைன் என்றே பெயர். கடலில் இது நொடியில் கலைந்துபோகும். 120 லிட்டரில் சுற்றிச் சுற்றி வரும். லெதரும் கற்பவளமும் சேர்ந்திருக்கும் சிறு தொட்டியில் கற்பவளம் காரணமே தெரியாமல் வளர்ச்சி நின்று போவதற்கு இது ஒரு முக்கியமான காரணம். சட்டை உரிக்கும்போதும், வெட்டும்போதும், இடம் மாற்றித் தொந்தரவு செய்யும்போதும் இந்தச் சுரப்பு கூடும். லெதரை மூன்று முறை நகர்த்தியது ஸீனியாவுக்கும் நல்லது செய்திருக்காது.

இதற்கு மருந்து ஆக்டிவேட்டட் கார்பன். உங்கள் தொட்டிக்கு அரை கப் போதும். நன்றாகக் கழுவி, வலைப்பையில் போட்டு, நீரோட்டம் போகும் வழியில் வையுங்கள். மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். இதுவரை கார்பனே வைத்ததில்லை என்றால் முதல் வாரம் பாதி அளவு மட்டும். கார்பன் தண்ணீரின் மஞ்சள் சாயலை எடுத்துவிடும். ஒரே நாளில் தண்ணீர் தெளிந்தால் பவளத்துக்கு அது விளக்கைக் கூட்டியதுபோல்தான். மென்பவளத் தொட்டியில் கார்பனை நான் விருப்பத்துக்கு விடமாட்டேன். எப்போதும் இருக்க வேண்டும்.

பவளங்களுக்கு இடையே ஒரு சாண் இடைவெளி விடுங்கள். விரிந்த குடையின் அகலத்தை வைத்து அளக்க வேண்டும், மூடியிருக்கும்போது இருக்கும் அளவை வைத்து அல்ல. கிரீன் ஸ்டார் பாலிப்பைச் சீக்கிரமே மணல்மேல் தனிக் கல்லுக்கு மாற்றுங்கள். அதன் ஊதா நிறப் பாய் கல்லோடு ஒட்டிப் படர்ந்து, குறுக்கே வரும் எதையும் மூடிவிடும். பெரிய பாறைக் குவியலில் ஏறிவிட்டால் திரும்ப எடுப்பது நடவாத காரியம். பின் கண்ணாடியில் ஒட்டிப் படரவிட்டால் பச்சைப் புல்வெளி மாதிரி அழகாக இருக்கும். அது என் சொந்த ரசனை.

தண்ணீர் ஆர்ஓ-டிஐ வடிகட்டியில் இறங்கியதாக, டிடிஎஸ் (கரைந்த பொருள்களின் அளவு) 0 காட்டுவதாக இருக்கட்டும். குழாய்த் தண்ணீரில் செம்பு இருக்கலாம். முதுகெலும்பில்லாத உயிர்களுக்குச் செம்பு விஷம். மீனுக்கு நோய் வந்தாலும் செம்பு மருந்தை இந்தத் தொட்டியில் ஊற்றவே கூடாது. மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றித்தான் வைத்தியம் செய்ய வேண்டும்.

உங்கள் கோமாளி மீன்களையும் கொஞ்சம் கவனியுங்கள். கடற்சாமந்தி இல்லாத தொட்டியில் அவை பெரிய லெதரைத் தங்கள் வீடாக எடுத்துக்கொள்வதுண்டு. நாளெல்லாம் அதில் உரசிக்கொண்டிருந்தால் பாலிப் விரியாது. பவளம் பெரிதாக இருந்தால் பழகிக்கொள்ளும், சிறிதாக இருந்தால் மெலியும். இனி வாங்கும் பவளத்தை நேராகத் தொட்டியில் வைக்காமல், தொட்டித் தண்ணீர் எடுத்த பாத்திரத்தில் பவளத்துக்கான முக்கிக் கழுவும் மருந்தைக் கலந்து, பாட்டிலில் சொன்ன நேரம் மட்டும் முக்கி எடுங்கள். லெதரையும் ஸீனியாவையும் தின்று வாழும், ஓடில்லாத நுடிபிராங்க் நத்தைகள் பவளத்தின் நிறத்திலேயே இருக்கும். பாத்திரத்தின் அடியில் விழுந்து நெளிந்தால்தான் தெரியும். முட்டைகள் இந்த மருந்துக்குச் சாகா. அடித்தண்டில் வெள்ளைச் சுருளாக ஒட்டியிருந்தால் சுரண்டி எடுங்கள்.

அடுத்து ஸோவாந்திட் வாங்க நினைத்திருப்பதாகச் சொன்னீர்கள். அழகான, தாங்கும் பவளம்தான். ஆனால் அந்தக் கூட்டத்தில், குறிப்பாகப் பாலிதோவா வகைகளில், பாலிடாக்சின் இருக்கலாம். 1971-இல் ஹவாயின் ஒரு பாலிதோவாவிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட இந்த நஞ்சு, இயற்கையில் தெரிந்த மிகக் கொடிய நஞ்சுகளில் ஒன்று. வெட்டும்போது கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். கையில் காயம் இருந்தால் அன்று தொட வேண்டாம். அது ஒட்டிய கல்லைச் சுத்தம் செய்ய ஒருபோதும் கொதிக்க வைக்காதீர்கள், வெந்நீரும் ஊற்றாதீர்கள். ஆவியில் கலந்து வீட்டிலிருக்கும் அத்தனை பேரையும் மருத்துவமனைக்கு அனுப்பிய சம்பவங்கள் உண்டு. வாயில் உலோகச் சுவை, இருமல், காய்ச்சல், மூச்சுத்திணறல் தெரிந்தால் அறையை விட்டு வெளியேறி, என்ன தொட்டீர்கள் என்று மருத்துவரிடம் தெளிவாகச் சொல்லுங்கள்.

வாங்கவே கூடாதது ஒன்றும் உண்டு. டெண்ட்ரோநெப்தியா, கார்னேஷன் கோரல் என்று விற்பார்கள். சிவப்பும் ஆரஞ்சுமாகக் கண்ணைப் பறிக்கும். அதற்குள் நுண்பாசி கிடையாது, வெளிச்சத்தை வைத்து வாழ முடியாது. செங்கடலில் இதை ஆராய்ந்து 1995-இல் வெளியான ஆய்வு, நீரில் மிதக்கும் தாவர நுண்ணுயிர்களையே (பைட்டோபிளாங்டன்) பெருமளவு தின்று வாழ்கிறது என்று காட்டியது. இரவும் பகலும் ஓயாமல் உணவு மிதந்துவரும் ஓட்டத்தை வீட்டுத் தொட்டியில் கொடுப்பது ஏறக்குறைய முடியாது. சில வாரங்களில் பட்டினியால் சுருங்கிச் சாகும். அதற்குப் பதில் கென்யா ட்ரீ, மஷ்ரூம், விரல் லெதர் ஏதாவது எடுங்கள். இவற்றுக்குத் தனி உணவும் தேவையில்லை. மீனுக்குப் போடுவதில் கரைவது போதும். வாரம் ஒருமுறை கொஞ்சம் பைட்டோபிளாங்டன் ஊற்றினால் கெடுதல் இல்லை.

ஆக, நீங்கள் இந்த வாரம் செய்ய வேண்டியது இவ்வளவுதான். செத்த ஸீனியாவின் மிச்சத்தைச் சிறு குழாயால் உறிஞ்சி எடுங்கள். 10 சதவீதம் நீர் மாற்றுங்கள், புதுத் தண்ணீரின் உப்பும் சூடும் தொட்டியோடு ஒத்திருக்கட்டும். பாதி அளவு கார்பன் வையுங்கள். பாஸ்பேட் பொடியை எடுங்கள். லெதர் பழைய இடத்தில் இருக்கட்டும். அப்புறம் ஒரு நோட்டில் தினமும் ஒரே ஒரு வரி: குடை எவ்வளவு விரிந்தது, உப்பு எவ்வளவு, சூடு எவ்வளவு. இதற்கு மேல் ஏதாவது மாற்றினால் அதையும் தேதியோடு எழுதுங்கள், ஒன்றை மாற்றிய பிறகு அடுத்ததற்குக் குறைந்தது பத்து நாள் இடைவெளி விடுங்கள்.

ஸீனியா மறுபடி வாங்கலாமா என்று கடைசியாகக் கேட்டிருந்தீர்கள். நைட்ரேட் 5 பிபிஎம் சுற்றி ஆறு வாரம் நிலையாக நின்ற பிறகு வாங்குங்கள். பெரிய கொத்து வேண்டாம், இரண்டு மூன்று தண்டு போதும். யாராவது தங்கள் தொட்டியில் வளர்த்து வெட்டித் தருவது கிடைத்தால், கடலிலிருந்து நேராக வந்ததைவிட அது மேல். மணல்மேல் தனிக் கல்லில் வையுங்கள். முதல் இரண்டு நாள் துவண்டு கிடக்கும், பார்த்துப் பதறாதீர்கள். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ ஒரு தண்டின் நுனியில் ஒரு பாலிப் மட்டும் மெல்ல மூடித் திறக்கும்.